46 வருஷம் கழித்து ஹவானா: ‘தி லாஸ்ட் சன் ஆஃப் ஹவானா’ (The Lost Son of Havana) ஆவணப்படம்

பேஸ்பால் தெரியாதவர்களும் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் ஊர் திரும்பும் நாயகனுக்கு மாலை மரியாதை, மேளதாளம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பழைய பிட்சர் (பந்து எறிபவர்) லூயிஸ் டியான்ட், 1961-இல் விட்டுவந்த கியூபாவுக்கு 2007-இல் போகிறார். அப்போது அவருக்கு 66 வயது. அப்பா, அம்மா இருவரும் இறந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் வயதான அத்தைகளும் உறவுக்காரர்களும்தான்.

அமெரிக்கத் தடைச் சட்டங்களைத் தாண்டி ஒரு படக்குழு கியூபாவுக்குள் நுழைவது லேசு இல்லை. நல்லெண்ண ஆட்டம் ஆடப்போன ஓர் அமெரிக்க அமெச்சூர் அணியோடு சேர்ந்துதான் போனார்கள். இயக்குநர் ஜொனாதன் ஹாக் இதை மறைக்கவில்லை, அது நல்லது.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் படம் இன்னும் நன்றாகப் பிடிபடும். 1961-இல் டியான்ட் மெக்சிகோ சிட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டை ஒழித்தது அந்த வருஷம்தான். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது, வராதே என்று அப்பாவே எழுதிவிட்டார். அந்த அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த லீக்கில் பேர் வாங்கிய இடக்கை பிட்சர் அவர். 1947-இல் நியூயார்க் கியூபன்ஸ் அணி பட்டம் வென்றபோது அதில் இருந்தார். கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், அதுவரை வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த உச்சநிலை பேஸ்பாலான மேஜர் லீக்கில் கால் வைத்ததும் அதே வருஷம். ஆனால் டியான்டின் அப்பாவுக்கு வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, வாய்ப்பு போனது போனதுதான். இந்த அப்பா-மகன் இழைதான் படத்தின் முதுகெலும்பு.

1975 பகுதியை ஓட்டிவிடாதீர்கள். அமெரிக்க செனட்டர் மெக்கவர்ன் கியூபா போனபோது, டியான்டின் பெற்றோரை அனுப்பிவைக்கச் சொல்லி செனட்டர் எட்வர்ட் புரூக் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனார். காஸ்ட்ரோ சம்மதித்தார். ஆகஸ்ட் 26 அன்று ரெட் சாக்ஸ் மைதானமான ஃபென்வே பார்க்கில், 14 வருஷம் மகனைப் பார்க்காமல் இருந்த அப்பா கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, சம்பிரதாய முதல் பந்தை எறிந்தார். அது சரியாக விழவில்லை. பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி இன்னொன்று எறிந்தார்! அக்டோபரில் நடந்த உலகத் தொடரின் (மேஜர் லீக்கின் இறுதிப் போட்டித் தொடர்) முதல் ஆட்டத்தில் மகன் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நான்காவது ஆட்டத்தில் 163 பந்து எறிந்து 5-4 என்று ஜெயித்துக் கொடுத்தார். கிரிக்கெட் கணக்கில் ஒரே ஆள் 27 ஓவர் போட்டதற்குச் சமம், அதுவும் ஒவ்வொரு பந்தும் முழு வேகத்தில் அல்ல. வேகத்தை மாற்றி மாற்றி ஏமாற்றியது.

அந்த ஏமாற்று வித்தையை உற்றுப் பாருங்கள். பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தலையை வானத்துக்குத் தூக்கி, சட்டென்று சுழன்று எறிவார். பந்து எந்தக் கோணத்திலிருந்து வருகிறது என்பது கடைசி நொடியில்தான் தெரியும். 1970-இல் தோள்பட்டை எலும்பு முறிந்து வேகம் குறைந்த பிறகு அவரைக் காப்பாற்றியது இதுதான். 1968-இல் 1.60, காயத்துக்குப் பின் 1972-இல் 1.91: இரண்டு முறையும் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் மிகக் குறைந்த சராசரி அவருடையதே. (இந்தச் சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்கள் அவை.)

படத்தின் உச்சம் மைதானத்தில் இல்லை, அத்தைகள் வீட்டில்தான். கொண்டுபோன பணத்தையும் சாமான்களையும் உறவுகளிடம் கொடுக்கும் இடத்தில் பாசமும் குற்ற உணர்ச்சியும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. கேமரா அங்கே அவசரப்படவில்லை. எரிச்சலூட்டுவது, அந்த வீட்டுக்குள் நாம் உட்கார்ந்துவிட்ட நேரம் பார்த்துப் பழைய ஆட்டங்களுக்குத் தாவுவதுதான். நடிகர் கிறிஸ் கூப்பரின் குரல் அழுத்தமானது, இருந்தும் சில காட்சிகளுக்கு அந்த விளக்கமே தேவையில்லை. அங்கேயே இருந்துவிட்டவர்களின் 46 வருஷத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக் காட்சிகளில் பேச்செல்லாம் ஸ்பானிஷ்தான், அதுவும் ஒருவர்மேல் ஒருவர் பேசுவார்கள். அதனால் போனில் பார்க்க வேண்டாம். சப்டைட்டில் சுலபமாகப் படிக்கிற அளவுக்குத் திரை இருக்கட்டும்.