மூன்று வார விடுப்பில் ஒரு கூரை: ஜார்ஜ் டவுன் கடைவீடும் அனுமதியும்

மெல்பர்னிலிருந்து இந்த முறை பினாங்குக்குப் போனது கல்யாணத்துக்கும் இல்லை, தைப்பூசத்துக்கும் இல்லை, ஒரு கூரைக்காக. ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் தாத்தா வாங்கிய கடைவீடு ஒன்று இருக்கிறது. கீழே தையல்கடை, மேலே மாமாவும் அத்தையும். போன மழையில் மாடியில் ஒழுகாத மூலையாகத் தேடி மெத்தையை இழுத்து இழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். அதை அத்தை போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் மூன்று வாரம் விடுப்பு போட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஆள் பிடித்து, வேலையை முடித்து, சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் போவதற்குள் மாமா கட்டட வேலை எடுத்துச் செய்கிற குத்தகையாளர் ஒருவரைப் பார்த்து விலையும் வாங்கி வைத்திருந்தார். பழைய மண் ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம், மரச் சன்னலை எடுத்துவிட்டு அலுமினியம், நடு முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் கூரை, முன்சுவருக்கு சிமெண்ட் பூசிப் புதுச் சாயம். எல்லாம் இருபது நாளில் முடியுமாம். "பெர்மிட்டெல்லாம் எதுக்குண்ணே, வீட்டுக்குள்ள செய்ற வேலைதானே" என்று வேறு சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, முன்பணம் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் பலருக்கு இது சரியாகத் தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். 2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர், அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமாக இன்னொரு 150 ஹெக்டர். பினாங்கு தெரு, மார்க்கெட் தெரு, குயின் தெரு, கிங் தெரு என்று நம் கடைத்தெருக்களெல்லாம் மையப் பகுதிக்குள்தான் வருகின்றன. உள்ளே இருக்கும் கட்டடங்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். கோயில், மசூதி, பெரிய அரசுக் கட்டடம் போன்ற தனிச்சிறப்பானவை முதல் வகை. எங்கள் வீட்டைப் போன்ற கடைவீடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை, அதாவது இடிக்கக்கூடாது, வடிவம் மாறாமல் பழுதுபார்க்கலாம், தேவைக்கேற்பக் கொஞ்சம் மாற்றவும் செய்யலாம். காலிமனையும் மதிப்பில்லாத கட்டடமும் தனி வகை, அங்கே புதிதாகக் கட்டலாம், ஆனால் 18 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதையெல்லாம் விவரிக்கும் சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல் அரசிதழில் வந்து சட்டமானது. ஆகவே ஓடு, சன்னல், முன்சுவர், கடைப் பலகை என்று எதில் கை வைப்பதானாலும் முதலில் மாநகர் மன்றத்தைக் கேட்க வேண்டும். வீட்டுக்குள் செய்யும் வேலை என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் திங்கட்கிழமை பசியாறிவிட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு ஆச்சே தெருவுக்குப் போனேன். ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தின் அலுவலகம் அங்கே இருக்கிறது, அதுவும் பழைய கட்டடந்தான். வீட்டுப் படங்களைக் காட்டி எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டோம். அனுமதி கொடுப்பது அவர்கள் இல்லை, அது மாநகர் மன்றத்தின் வேலை. இருந்தாலும் ஒரு கட்டடக் கலைஞரிடம் போய்ப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பது அங்கே தெளிவானது. இப்போதுள்ள வீட்டை அளந்து வரைந்த படம், எங்கெங்கே பழுது என்று படத்தோடு ஓர் அறிக்கை, செய்யப்போகும் வேலையின் படம், எந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறோம் என்ற விவரம். இவை எல்லாம் சேர்ந்து மாநகர் மன்றத்துக்குப் போகும், அங்கே பாரம்பரியப் பிரிவு பார்க்கும், அப்புறம் வல்லுநர் குழு ஒன்று உட்கார்ந்து பரிசீலிக்கும். குழு திருத்தம் சொன்னால் படத்தை மாற்றித் திரும்பக் கொடுக்க வேண்டும். என் மூன்று வாரத்தில் இதில் பாதி கூட ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தேன், முப்பது வருஷமாகப் பார்த்த சுவரை முதல்முறை உற்றுப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தையல்கடைப் பக்கச் சுவருக்குப் பத்து வருஷம் முன்பு வேறொருவர் சிமெண்ட் பூசியிருந்தார். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை சாயம் உப்பிப்போய், விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்கிறது, கையில் வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டுகிறது. ஓர் இடத்தில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது. அதற்குள்ளே செங்கல் ஈரமாக, நகத்தால் கீறினால் மாவாக வருகிறது. அதே வீட்டில், அதே வயசு, நடு முற்றத்தை ஒட்டிய சுவரில் யாரும் கை வைக்கவில்லை, பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருக்கிறது. மழைத் தண்ணீர் விழுகிற இடம், ஆனாலும் தொட்டால் உலர்ந்திருக்கிறது. ஒரு மூலையில் சாயம் உரிந்து அடுக்கடுக்காகத் தெரிந்தது, மேலே வெள்ளை, அதற்குக் கீழே மஞ்சள், அடியில் நீலம். அத்தை கல்யாணமாகி வந்தபோது வீடு நீலமாகத்தான் இருந்ததாம்.

அளக்க வந்த கட்டடக் கலைஞர்தான் காரணத்தைச் சொன்னார். இந்தக் கடைவீடுகளில் மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், கட்டினவர்களுக்கு அது தெரியும், அதனால்தான் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது, ஈரம் உள்ளேயே தங்கி உப்பைச் சேர்த்துச் செங்கலைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சாயமும் அதே வேலையைத்தான் செய்யும். இதைக் கேட்டதும் மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பத்து வருஷம் முன்பு அந்த சிமெண்டுக்காக அவர் வாங்கிய கடன் எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது ஒருத்தர் 'கேட்டுவிட்டுச் செய்யுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்தச் சுவர் இன்று இந்த நிலையில் இருக்காது.

பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு சொந்த வீட்டில் ஆணி அடிக்கவிடாமல் தொல்லை செய்கிறார்கள் என்று நம் கடைத்தெருவில் பலர் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், நானும் தலையாட்டியிருக்கிறேன். இனி ஆட்ட மாட்டேன். அந்த விதிகள் கேட்பது பெரும்பாலும் வீட்டுக்கே தேவையானதுதான். முற்றத்தை மூடாதே என்கிறார்கள், மூடினால் நீளமான இந்த வீட்டின் நடுவில் காற்றும் வெளிச்சமும் போய்விடும். மண் ஓடு போடு என்கிறார்கள், தகரத்துக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு அத்தை படுக்க முடியுமா? அஞ்சடியை, அதாவது கடைக்கு முன்னால் தெருவை ஒட்டி ஓடும் கூரையிட்ட நடைபாதையை, அடைக்காதே என்கிறார்கள், அஞ்சடியில்தானே தையல்காரர் இத்தனை வருஷமாக மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்!

ஆனால் செலவு உண்மை. மண் ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆளுக்கும் எங்களுக்கு வந்த விலை தகரக் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 2009-இல் தொடங்கி திங்க் சிட்டி என்ற அமைப்பு மூலம் பழுதுபார்க்கும் மானியம் பல வீடுகளுக்குக் கிடைத்தது, எங்கள் வீட்டில் அப்போது யாரும் விண்ணப்பிக்கவில்லை. வீட்டை இப்படித்தான் வைத்திருக்க வேண்டும் என்று ஊர் கேட்டால், வாடகையும் தையல்கூலியுமாகப் பிழைக்கிற குடும்பத்துக்கு ஊரும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இன்னொன்றும் மனசை அறுக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 ஜனவரியில் வாடகை அவிழ்த்துவிடப்பட்டபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் வரிசையிலேயே தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பியது நினைவிருக்கிறது. சில காலி வீடுகளில் அப்புறம் சமையலுக்கு விற்கிற பறவைக்கூட்டுக்காக உழவாரன் குருவி வளர்த்தார்கள், சாயந்திரமானால் ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம். இப்போது அவை தங்குவிடுதியாகவும் காப்பிக்கடையாகவும் இருக்கின்றன. முகப்பு அழகாகத்தான் இருக்கிறது, சன்னலுக்குக்கூட சரியான பச்சை. உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்கிற படிவம் எதுவும் நாங்கள் நிரப்பிய காகிதங்களில் இல்லை. எங்கள் தையல்காரரை வெளியே அனுப்பாமல் வேலையைப் பாதி பாதியாகச் செய்வது என்று மாமா முடிவெடுத்தது அதனால்தான்.

சரி, கடைசியாக எங்களைத் தடுத்து நிறுத்தியது எது தெரியுமா, கையெழுத்து. நிலப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் கையெழுத்தில்லாமல் விண்ணப்பம் நகராது. வாரிசுகள் என்றால் மாமா, என் அம்மா, ஈப்போவில் சின்னம்மா, கிள்ளானில் இருந்து இறந்துபோன பெரிய மாமாவின் பிள்ளைகள் மூன்று பேர், அதில் ஒருத்தர் லண்டனில், ஒருத்தரோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் இரண்டாவது வாரம் முழுவதும் இதற்கே போனது. ஈப்போவுக்குப் போய் வந்தேன், வழக்கறிஞரைப் பார்த்தேன், பேசாத மச்சானுக்கு நானே போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "மாடிப்படி இன்னும் அந்தச் சத்தம் போடுதா?" அப்புறம் வேறெதுவும் கேட்காமல் சம்மதித்தான்.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், வீட்டு வரி ரசீதை எடுத்து வையுங்கள், அம்மா அப்பாவின் பவர் பத்திரத்தை முறைப்படி சான்றளித்து எடுத்துப்போங்கள். மழைக்காலத்தைத் தவிர்க்காமல் அப்போதே போங்கள், ஒழுகும்போது பார்த்தால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். பெரிய வேலைக்கு அனுமதி வரும்வரைக்கும் சின்னப் பழுதுகளை மன்றத்தைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். நாங்கள் உடைந்த ஓடுகளுக்குப் பதில் அதே மாதிரி பழைய ஓடு தேடிப் போட்டோம், மாமாவின் மெத்தை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

விண்ணப்பம் இப்போது உள்ளே போயிருக்கிறது, குழுவிலிருந்து முதல் சுற்றுத் திருத்தமும் வந்திருக்கிறது. பின்பக்கம் கட்ட நினைத்த குளியலறையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்கிறார்கள், சன்னலை மாற்றாமல் பழுதுபார்க்கச் சொல்கிறார்கள். சிமெண்டை எடுக்கும் வேலைக்கு மட்டும் தனியாக அனுமதி கிடைத்தது. போன வாரம் மாமா ஒரு படம் அனுப்பினார். தையல் மெஷினுக்குப் பின்னால் இடுப்பளவுக்குச் செங்கல் வெறுமையாக நிற்கிறது, அடிவரிசை இன்னும் கருப்பாக ஈரத்தில், மேல்வரிசை சிவப்புக்குத் திரும்பியிருக்கிறது. இன்னும் சில மாதம் இப்படியே காயவிட வேண்டுமாம், அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு.