பெல்ட் மாற்றியாச்சு, வண்டி எழவில்லை: முதலில் ஸ்கேனரா, ஸ்பேனரா?

கீழக்கரையில் வீட்டு வாசலிலேயே டைமிங் பெல்ட்டை மாற்றி முடித்து, சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. என்னுடையது டஸ்டர் டீசல். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டீசல் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் இந்த ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. மெக்கானிக் தலையைச் சொறிவதற்குள் தெருவில் ஆளுக்கொரு யோசனை. தள்ளு, ஸ்கேனர் போடு, ஸ்பேனர் எடுத்துக் கவரைத் திற, ரெக்கவரி வண்டியில் ராமநாதபுரத்துக்கு ஏற்று.

தள்ளுவதை முதலிலேயே தூக்கிப் போடுங்கள். "ரெண்டு பேரு தள்ளுனா எந்திரிச்சிரும் தம்பி" என்ற பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) நல்ல மனசுதான். ஆனால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று என்ற கணக்கு பெல்ட்டில் தப்பியிருந்தால், இந்த டீசல் என்ஜினில் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், தள்ளத் தள்ள வால்வு வளைசல் கூடும்.

அடுத்தது காசில்லாத சோதனை, காது. நல்ல என்ஜின் செல்ஃபில் 'உர்-உர்-உர்' என்று தாளம் போடும், ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்குகிற சத்தம் அது. தாளமே இல்லாமல், காலி மிக்ஸி மாதிரி விர்ரென்று சுற்றினால் கம்ப்ரஷன் (அந்த அமுக்கம்) போய்விட்டது, சாவியை விட்டுவிடுங்கள். முனகி முனகிச் சுற்றினால் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். பல வண்டிகளில் பெல்ட் வேலைக்கு என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றுவார்கள், எர்த் ஒயரும் அங்கேதான் மாட்டியிருக்கும், நம் கடற்கரை உப்புக்காற்றில் அந்த போல்ட்டடியில் பச்சைக் களிம்பு படிந்து கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினாலே சிலருக்கு வேலை முடிந்தது.

என் வண்டியில் தாளம் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் உண்மையான போட்டி.

வண்டியின் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர், பத்து நிமிட வேலை. P0335 வந்தால் கிராங்க் சென்சார், P0340 என்றால் கேம் சென்சார், P0016 என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் கவரைக் கழற்றும்போது பிடுங்கிய சாக்கெட்டைத் திரும்ப மாட்ட மறந்திருந்தாலும் P0340 வரும், அதைப் பார்த்துப் புது சென்சார் வாங்கியவர்கள் உண்டு. குறியீடு எதுவும் வரவில்லை என்பதால் டைமிங் சரி என்றும் ஆகிவிடாது. ஒரு பல் தப்பினால் பல வண்டிகள் இழுவையில்லாமல் ஓடவே செய்யும்.

ஸ்பேனருக்கு நேரம் பிடிக்கும், மவுண்ட்டும் கவரும் மறுபடி கழற்ற வேண்டும், மெக்கானிக் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். குளோ பிளக்கை (டீசல் என்ஜினைச் சூடேற்றும் பிளக்) கழற்றிவிட்டால் கையால் சுற்றுவது லேசு. கிராங்க் போல்ட்டில் ராட்செட்டைப் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே, பெரும்பாலான வண்டிகளில் வலஞ்சுழியாக, முழுசாக இரண்டு சுற்று. கம்ப்ரஷன் என்றால் மெத்தென்று எதிர்த்துப் பிறகு வழிவிடும். வால்வு இடித்தால் கல்லில் முட்டிய மாதிரி டக்கென்று நிற்கும், அங்கே பலத்தைக் காட்டினால் செலவு உங்களுடையது. இரண்டு சுற்று முடிந்ததும் புல்லியின் மார்க் பழைய இடத்துக்கு வரவேண்டும். பெல்ட்டின் மேல் இருக்கும் வெள்ளைக் கோடு வராது, மாட்டும்போது மட்டும்தான் அதற்கு வேலை. இது தெரியாமல் சரியாக மாட்டிய பெல்ட்டைக் கழற்றித் தப்பாக மாட்டுகிறவர்கள்தான் அதிகம், எங்கள் ஆளும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யப் போனார்.

என் ஓட்டு ஸ்பேனருக்கே. ஸ்கேனர் தப்பினால் ஒரு சென்சார் காசு போகும், டைமிங் தப்பியிருப்பது தெரியாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், என் வண்டியின் நோயைக் கண்டுபிடித்தது ஸ்கேனர்தான். மார்க்கெல்லாம் சரியாக நின்றது. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) ஏறவே இல்லை. டீசல் ஃபில்டரை ஒதுக்கி வைத்து வேலை பார்த்ததில் லைனில் காற்று புகுந்திருந்தது. கை பம்ப்பின் ரப்பர் உருண்டை கல் மாதிரி இறுகும்வரை அமுக்கினோம். இரண்டாவது செல்ஃபில் எழுந்துவிட்டது.

ஏற்றி அனுப்புவது எப்போது? அந்த விர்ர் சத்தம் கேட்டால் மட்டும். கம்ப்ரஷன் டெஸ்ட், தேவைப்பட்டால் ஹெட் கழற்றுவது எல்லாம் கடல் காற்று மணலை வாரி இறைக்கிற நம் தெருவில் செய்யும் வேலை இல்லை. ராமநாதபுரத்தில் நல்ல லேத்தும் ஆளும் கிடைத்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்கு இழுக்க வேண்டாம். ரெக்கவரி வண்டிக்காரர் "ஒரு தடவை அடிச்சுப் பாத்துருவோமே" என்பார், ஸ்டியரிங் லாக்குக்காகச் சாவி கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுக்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.