பாட்டாவுக்கு ஒரு கேக்: மார்த்தாண்டம் பக்கம் கிடைக்கும் இனிப்பூட்டிகளில், மாவுகளில் எது தேறும்?

டிசம்பர் பிறந்தால் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பேக்கரி வாசலில் பிளம் கேக்கை அடுக்கிவிடுவார்கள். வீட்டில் சுகர் உள்ள பாட்டாவோ (தாத்தா) அம்மச்சியோ (பாட்டி) இருந்தால், 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய பெட்டி ஒன்றும் சேர்ந்து வரும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் மைதாக் கேக். சீனி இல்லை, அவ்வளவுதான். வீட்டிலேயே செய்கிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: இனிப்பூட்டி வாங்க ஆயிரம் ரூபாய் செலவழிப்பார்கள், மாவு பழைய மாவாகவே இருக்கும்.

கணக்கு எளிது. 200 கிராம் மைதா, 200 கிராம் சீனி போட்ட சாதாரணக் கேக்கை 12 துண்டாக வெட்டினால், துண்டுக்கு ஏறக்குறைய 29 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சீனியும் சேர்த்து). சீனியை முழுக்க எடுத்துவிட்டாலும் 12 கிராமுக்குக் குறையாது. அத்தனையும் மைதாவின் பங்கு. கோதுமை மாவுக்கு மாறினால் ஒரு கிராம், ஒன்றரை கிராம் இறங்கும். பாதாம் மாவில் செய்தால் மாவின் பங்கு துண்டுக்கு 2 கிராமுக்குள் நின்றுவிடும். ஆகவே இனிப்பூட்டியை மட்டும் தனியாக மதிப்பிட்டுப் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் இந்த ஊர்ப் பெருமைகளை ஓரமாக வைத்துவிட வேண்டியிருக்கிறது. கருப்பட்டி சுகருக்கு நல்லது என்ற பேச்சு குமரி மாவட்டத்தில் எந்தத் திண்ணையிலும் கேட்கும். அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சினால் வருவதும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியும் அதேதான். மணம் வேறு, கொஞ்சம் தாது உப்பு உண்டு. குளுக்கோமீட்டருக்கு அந்த வேறுபாடு தெரியாது. மார்த்தாண்டம் தேனிலும் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை. கூவைக்கிழங்கு (ஆரோரூட்) மாவு கிட்டத்தட்டச் சுத்தமான ஸ்டார்ச். மரச்சீனி (மரவள்ளி) மாவைக் கேட்கவே வேண்டாம். பேரிலும் சீனி, ரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகும் சீனி. ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) பொடிக்கு மட்டும் ஒரு சின்ன நியாயம் உண்டு. பச்சையாக இருக்கும்போது அதில் எளிதில் செரிக்காத ஸ்டார்ச் நிறைய. ஆனால் ஓவனில் ஈரத்தோடு வெந்தவுடன் அதில் பெரும்பகுதி சாதாரண ஸ்டார்ச்சாகிவிடும். கேழ்வரகில் நார்ச்சத்து உண்டு, கால்சியம் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம். அதற்காக நைஸாக அரைத்த ராகி மாவில் கேக் சுட்டு 'சுகருக்கு ஏற்றது' என்று பேர் வைக்க முடியாது.

இனி இனிப்பூட்டிகள். கடைகளில் முக்கியமாக மூன்று வகை கிடைக்கின்றன.

'சீனிக்குப் பதில் அளவுக்கு அளவு' என்று விற்கும் சுக்ரலோஸ் தூள்தான் எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது. பஞ்சுபோல் லேசானது. ஒரு கப் சீனி 200 கிராம். இந்தத் தூள் ஒரு கப் எடுத்தால் வெறும் 25 கிராம்தான் வரும். அந்த 25 கிராமிலும் பெரும்பங்கு மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்த தூள். சீனியைவிட வேகமாகக்கூட ரத்தத்தில் ஏறும். அளவு குறைவு என்பதால் பெரிய கேடில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கேக்குக்கு இது உதவாது. சீனியின் வேலை இனிப்பு மட்டுமல்ல. ஈரத்தைப் பிடித்துவைக்கும், வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், நிறம் தரும். 200 கிராம் கனம் போன இடத்தில் 25 கிராம் வைத்தால் கேக் குட்டையாக, வறண்டு, மறுநாளே ரஸ்க் மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் குளோரின் சேர்ந்த வேண்டாத பொருள்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது, மேல்தோல் தாண்டும். பேக்கிங்குக்கு இதை வாங்க வேண்டாம். திரவமாகக் கிடைக்கும் சுக்ரலோஸுக்கு வேறொரு இடம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஸ்டீவியா இலைச் சாறு இந்தியாவில் 2015இல் அனுமதி பெற்றது. சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. எனவே சிட்டிகைக் கணக்கு. தனியாகப் போட்டால் அதே கனப் பிரச்சினை, கூடவே நாக்கின் பின்புறம் நிற்கும் அதிமதுரக் கசப்பு. 'ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றினால் இன்னும் இனிக்கும்' என்று நினைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. குறிப்பிட்ட அளவுக்குமேல் இனிப்பு ஏறாது, கசப்புதான் ஏறும்.

எரித்ரிட்டால்தான் கேக்குக்குத் தேறுகிறது. சீனிபோலவே மணிமணியாக, கனமாக இருக்கும்; சீனியின் இனிப்பில் 60 முதல் 70 சதவீதம். ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. உள்ளே போனதில் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் போய்விடும். குறை இல்லாமலில்லை. விலை சீனியைப்போல் பத்து மடங்குக்கும் மேல். வாயில் ஹால்ஸ் சப்பியதுபோல் ஒரு குளிர்ச்சி தட்டும். தண்ணீரில் கரைவது சீனியைவிட மிகக் குறைவு. அதனால் ஆறியதும் மறுபடி மணியாகக் கட்டி, பல்லில் நறநறக்கும். கரிச்ச பாகு (கேரமல்) இதில் வராது: எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் உருகி நிற்குமே ஒழிய, சிவக்காது.

இந்தக் குறைகளில் பாதியை மிக்ஸி தீர்த்துவிடும். முதலில் பொடித்துக்கொள்ளுங்கள், மூடியைத் திறக்குமுன் இரண்டு நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் தூசி மூக்கில் ஏறும். குளிர்ச்சியைக் குறைக்க ஒரே வழி அளவைக் குறைத்து, விட்ட இனிப்பைச் சிட்டிகை ஸ்டீவியாவால் நிரப்புவது. எரித்ரிட்டாலும் ஸ்டீவியாவும் முன்பே கலந்த பொட்டலமும் விற்கிறார்கள். வாங்கும்போது பின்பக்கப் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) என்ற பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எரித்ரிட்டாலைப் பற்றி ஒரு கவலையும் உண்டு, மறைக்கக் கூடாது. 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள், ரத்தத்தில் எரித்ரிட்டால் அளவு அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக எழுதினார்கள். அதனால்தான் இது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. உடலே கொஞ்சம் எரித்ரிட்டாலைத் தயாரிக்கவும் செய்கிறது. ஆனால் 30 கிராம் கலந்த பானத்தைக் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு இரண்டு நாளுக்குமேல் உயர்ந்தே இருந்தது. கீழே சொல்லும் கேக்கில் ஒரு துண்டுக்கு வருவது 11 கிராம் அளவு. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் வீட்டில் இருந்தால் இதைப் பண்டிகைப் பண்டமாக வைத்துக்கொள்வது நல்லது. தினம் நாலு மணிச் சாயாவுக்குக் கடியாக வேண்டாம்.

மாவுக்கு வருவோம். கடையில் போய் 'பாதாம் பவுடர்' என்று கேட்டால் மஞ்சள் நிறப் பால் மிக்ஸ்தான் கையில் வரும். அதில் பாதாமைவிடச் சீனி அதிகம். பேக்கிங் சாமான் விற்கும் கடையில் 'ஆல்மண்ட் ஃப்ளோர்' என்று கேட்க வேண்டும். கிலோ ஆயிரத்தைத் தாண்டும். உதிரியாக எடைபோட்டுத் தருவது வேண்டாம். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் பாதாம் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தால் மாவு போயிற்று என்று அர்த்தம். முழுப் பாதாம் வாங்கி வீட்டில் செய்வது மேல்: கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, நன்றாக உலர்த்தி, மிக்ஸியை ஐந்தைந்து நொடியாக விட்டு விட்டு ஓட்டிச் சலியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கி வெண்ணெயாகிவிடும்.

பாதாம் விலை கையைக் கடித்தால், இந்தப் பக்கம் அண்டியாபீஸ்களுக்கு, அதாவது முந்திரி ஆலைகளுக்கு, பஞ்சமில்லை. உடைந்த அண்டிப்பருப்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் 100 கிராம் பாதாமில் செரிக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 9 கிராம், அண்டிப்பருப்பில் 27. பாதிக்குப் பாதி கலந்தால் துண்டுக்கு ஒன்றரை கிராம் கூடும், தாங்கும். முழுக்க அண்டிப்பருப்பு என்றால் தாங்காது.

தேங்காய் மாவை விலை கொடுத்து வாங்குவது தேங்காய் விளையும் ஊரில் அநியாயம். பால் பிழிந்த துருவலை வெயிலிலோ 80 டிகிரி ஓவனிலோ மொறுமொறுவென்று காயவைத்துப் பொடித்தால் அதுதான் மாவு. தண்ணீரை அப்படியே குடித்துவிடும் குணம் இதற்கு. 30 கிராமுக்குமேல் போட்டால் கூடுதலாக ஒரு முட்டை சேர்க்காமல் முடியாது. இல்லாவிட்டால் கேக் மணல்போல் உதிரும்.

கிறிஸ்துமஸுக்குச் செய்யும் அளவு இது. பாதாம் மாவு 200 கிராம், தேங்காய் மாவு 30, பொடித்த எரித்ரிட்டால் 130, இனிக்காத கோக்கோ 15 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஸ்டீவியா ஒரு சிட்டிகை. கரிச்ச பாகு தரும் நிறத்துக்கும் இளங்கசப்புக்கும் கோக்கோவோடு ஒரு டீஸ்பூன் காப்பித்தூளை 2 மேசைக்கரண்டி சுடுநீரில் கரைத்து ஊற்றுங்கள். இந்த மாவட்டத்து மலையில் விளையும் கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு மூன்றையும் தாராளமாகவே போடலாம். ஸ்டீவியாவின் கசப்பை அமுக்குவது இவைதான். நாலு முட்டையை அடித்து, உருக்கி ஆறிய வெண்ணெய் 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம் சேர்த்து, எல்லாவற்றையும் கலக்குங்கள். உலர்திராட்சையும் பேரீச்சையும் கூடாது. அவற்றின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அந்த இடத்தில் நறுக்கிய வால்நட்டும் பாதாமும் 60 கிராம், ஆரஞ்சுத் தோல் துருவல் ஒரு பழத்துடையது. 'சுகர் ஃப்ரீ டூட்டி ஃப்ரூட்டி' என்று எதையாவது நீட்டினால் லேபிளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

ஓவன் 160 டிகிரி. மைதாக் கேக்குக்கு வைக்கும் 180 வைத்தால் பாதாம் மேலே கருகி, நடுவில் கூழாக இருக்கும். 25 நிமிடத்தில் மேலே ஃபாயில் மூடி, மொத்தம் 45 முதல் 50 நிமிடம். வெந்ததும் டின்னிலேயே ஒரு மணி நேரம் ஆறட்டும். மாவைப் பிணைக்கும் குளூட்டன் கிடையாது என்பதால் சூட்டில் கவிழ்த்தால் இரண்டாகப் பிளக்கும். 12 துண்டு போட்டால் ஒன்றுக்கு மாவுச்சத்து மூன்று நாலு கிராம், ஆனால் கலோரி 200க்கு மேல். சுகரைத் தப்பித்தோம் என்று நாலு துண்டு தின்றால் எடை கேட்கும். சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து உள்ளவருக்குப் பருப்பு வகையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வழக்கமான பிளம் கேக் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பது சீனியால். இது ஃபிரிட்ஜில் நாலு நாள், அதற்குமேல் பூசணம்.

திரவச் சுக்ரலோஸுக்கு ஏற்ற இடம் தேங்காய்ப்பால் கஸ்டர்ட். 400 மில்லி கெட்டிப் பாலில் நாலு முட்டையை நுரைவராமல் கலக்கி, வடிகட்டி, ஏலம் தட்டிப்போட்டு, சொட்டுக்கணக்கில் இனிப்புச் சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். சுடுநீர்த் தட்டில் வைத்து 150 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குள் வேகிறதால் சூடு 100ஐத் தாண்டாது. ஆகவே அந்த 120 டிகிரிக் கவலை இங்கே இல்லை. இதே கஸ்டர்டை எரித்ரிட்டாலில் செய்து குளிரவைத்தால் அடியில் மணல் கட்டும்.

ரெடிமேட் சரக்கில் மிக மோசமானது சுகர் ஃப்ரீ ரஸ்க். 100 கிராமுக்கு அரை கிராமுக்குமேல் சர்க்கரை இல்லையென்றால் அந்தப் பேரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் விடுகிறது. மைதாவைப் பற்றி அந்த விதியில் பேச்சே இல்லை. சர்க்கரையில்லாச் சாக்லேட்டில் பெரும்பாலும் மால்ட்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும்: சுகரைக் கொஞ்சம் ஏற்றும், ஒரு கட்டியைக் காலி செய்தால் வயிற்றையும் கலக்கும்.

கேக்கை முதல்முறை கொடுக்கும் நாளில், சாப்பிடுமுன் ஒரு தடவையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் சுகர் பாருங்கள். கேக் எப்படி என்று அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும்.

எரித்ரிட்டால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பேரெழுதி ஒட்டி, சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லாமல் வேறு தட்டில் வையுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சுகர் இறங்கி, வேர்த்து, கை நடுங்கும்போது அவசரத்தில் இந்த டப்பாவிலிருந்து கலக்கிக் கொடுத்தால் ஒரு புள்ளிகூட ஏறாது. அந்த நேரத்துக்கு மூன்று டீஸ்பூன் அசல் சீனி, அரை டம்ளர் தண்ணீர், பதினைந்து நிமிடத்தில் மறுபடி ஒரு சோதனை.