கன்னியாவுக்குப் போக வராத வான்

ஒவ்வொரு வருடமும் ஆடி, ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து திருகோணமலைக்கு வந்துவிடுவேன். கடல் அமைதியாக இருக்கும், பேத்திகளுக்கும் பள்ளி விடுமுறை வரும். இந்த முறையும் நிலாவெளி, கோணேசர் கோவில், கோட்டை மான்கள் எல்லாம் பார்த்தோம். அவற்றில் ஒரு குறையும் இல்லை. எழுத இருப்பது கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போன நாளைப் பற்றித்தான்.

கன்னியா என்றால் விடியப் போக வேண்டும். வெயில் ஏறி, கச்சான் காற்றும் அடிக்கத் தொடங்கினால் வெந்நீரில் குளிக்க யாருக்கு மனம் வரும்? அதனால் இரண்டு கிழமைக்கு முன்பே ஒரு வாடகை வான் பேசி, ஐயாயிரம் ரூபாய் முற்பணமும் கொடுத்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு உவர்மலை வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது பேச்சு.

நாலரைக்கே மகள் இடியப்பத்தையும் சம்பலையும் வாழையிலையில் கட்டிவிட்டாள். துவாய், மாற்றுடுப்பு, வாளி இரண்டு. பேத்திகள் மூவரும் படியில் வரிசையாக இருந்தார்கள். ஐந்து மணிக்கு வான் இல்லை. ஐந்தரைக்கு வான்காரரை அழைத்தால், "வந்துகொண்டே இருக்கிறேன் அம்மா, பத்து நிமிஷம்." ஆறு மணிக்கும் அதே பத்து நிமிஷம். ஆறரைக்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. கடைசிப் பேத்தி வாளியைக் கவிழ்த்து அதன் மேலேயே தூங்கிவிட்டாள். ஏழேகாலுக்கு அவராகவே அழைத்து, கலியாண ஹயர் ஒன்று வந்துவிட்டது, நாளைக்குப் போகலாமா என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கனடாவில் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொன்னால் பிந்தும் ஐந்து நிமிடத்துக்கும் தகவல் வரும். வர முடியாது என்று முதல் நாள் இரவே சொல்லியிருந்தால் நான் கோபித்திருக்கவே மாட்டேன். பிள்ளைகளை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாசலில் வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. முற்பணமும் இன்னும் வரவில்லை.

"சரி, பஸ்ஸில் போவோம்" என்றேன். முழங்கால் வலியோடு எப்படி என்று மகள் தயங்கினாள். நான் சிறுமியாக இருந்தபோது அம்மா எங்களைப் பஸ்ஸில்தானே கூட்டிப் போனார்! பஸ் நிலையத்தில் அனுராதபுரம் பஸ்ஸில் ஏறினோம்.

கொண்டக்டர் சிங்களத் தம்பி. தமிழ் பத்துச் சொல்தான் தெரியும் போலிருந்தது. என் கையிலிருந்த வாளியை வாங்கித் தன் காலடியில் வைத்தார், முன் இருக்கையில் இருந்த பையனை எழுப்பி எனக்கு இடம் பிடித்துத் தந்தார். கன்னியாச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, முதலில் தான் இறங்கி, "ஆச்சி, மெல்ல, மெல்ல" என்று கையை நீட்டினார். ஆச்சி என்ற சொல் அவருடைய மொழியிலும் அதேதான். பஸ்ஸில் அவ்வளவு பேர் காத்திருக்க, அங்கே நின்ற ஓட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, கூலியையும் தானே பேசி எங்களை ஏற்றிவிட்டார். நன்றி சொல்லித் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. ரொறன்ரோ பஸ்ஸில் கீழே இறங்கும் பலகை உண்டு, எல்லா வசதியும் உண்டு. என்னை ஆச்சி என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை.

ஊற்றில் சனம் நிறைந்திருந்தது. ஏழு கிணறும் அப்படியே. இராவணன் தாயின் இறுதிக் கடனுக்காக வாளால் குத்திய ஊற்று என்று எனக்குச் சொன்ன கதையைப் பேத்திகளுக்குச் சொன்னேன். என் அம்மா இறந்தபின் அவருக்கான அந்தியேட்டிக் கிரியையையும் அங்கேதான் செய்தோம், அதையும் சொன்னேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு வேறு வேறு அல்லவா? எது கூடச் சூடு என்று மூவருக்கும் சண்டை. முடிவு காண ஏழிலும் மூன்று முறை சுற்றினார்கள். கடைசியில் எனக்கு யார் வார்ப்பது என்பதில் சண்டை. வாளி மாறி மாறி என் தலையில் கவிழ்ந்தது. முழங்கால் வலியை நான் நினைக்கவே இல்லை.

வரும் ஆடிக்கும் பஸ்தான். அந்தத் தம்பியே வருவாரா என்று சின்னவள் இப்போதே கேட்கிறாள்.