நோ இல்லாத காலத்திலும் நோயாளியை அழைக்கும் ஒரு சதையி கிளினிக்

யாழ் நகரில் இயங்கும் தனியார் மருத்துவ நிலையம் ஒன்று, சதையி (கணையம்) அழற்சி திரும்பத் திரும்ப வருபவர்களுக்கெனத் தனியாக ஒரு தொடர் கண்காணிப்பு கிளினிக்கை நடத்தி வருகிறது. என் தம்பியுடன் அங்கு தொடர்ந்து சென்றுவருகிறேன். அந்தச் சேவையின் தரத்தைப் பற்றி, இதே வருத்தம் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். குறைகள் இருந்தாலும், இது போக வேண்டிய இடம் என்பதே என் தீர்ப்பு.

சதையி அழற்சி வந்தவர்களை நாம் வழமையாகப் பார்ப்பது விடுதியில்தான். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் நோ, வாந்தி, சேலைன், சில நாட்களில் வீடு. அத்துடன் விடயம் முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். முதல் தாக்குதலுக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே நாட்பட்ட சதையி நோய் உருவாகிறது. ஆனால் தாக்குதல் மீண்டும் வந்தவர்களில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றாக உயர்கிறது. அந்த மாற்றம் பெரும்பாலும் இரண்டு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட அமைதியான காலத்தில் நிகழ்வதால், நோ வந்தபோது மட்டும் வைத்தியரைக் காண்பவர் அதை அறியவே மாட்டார். சதையி சுரக்கும் நொதியங்களான அமிலேஸ், லிப்பேஸ் ஆகியவற்றின் குருதிச் சோதனைகள் சரியாக இருப்பதைக் காட்டி ஆறுதல் கொள்வதும் தவறான வழி, ஏனெனில் தழும்பேறி இயங்கும் இழையம் குறைந்துபோன சதையியில் அந்த நொதியங்கள் குருதியில் உயராமலே இருக்கலாம். இதை முதற்சந்திப்பிலேயே விளக்குகிறார்கள் என்பதற்காகவே இந்தக் கிளினிக்கை மதிக்கிறேன்.

அந்த முதற்சந்திப்பு நீண்டது. காரணத்தைத் தேடுவதிலேயே பெரும்பகுதி கழிகிறது. சதையி என்றதும் குடிதான் என்று முடிவுகட்டும் வழக்கம் நம்மிடையே ஆழமாக உள்ளது. கள்ளையோ சாராயத்தையோ தொடாத இளைஞர்கள் அந்தச் சந்தேகப் பார்வையாலேயே வைத்தியரிடம் செல்லத் தயங்குகிறார்கள். இங்கே பித்தக்கல்லை ஸ்கேனில் தேடுகிறார்கள். டெசிலீற்றருக்கு 1000 மில்லிகிராமைக் கடந்தால் தானே தாக்குதலைத் தூண்டக்கூடிய டிரைகிளிசரைட் என்ற குருதிக் கொழுப்பையும், குருதிக் கல்சியத்தையும் அளக்கிறார்கள். குடும்பத்தில் வேறெவருக்கும் இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். மது அருந்தாத இளவயதினருக்குச் சதையியில் பெரிய கற்களையும் நீரிழிவையும் தரும் வெப்பவலய வகை 1959 இல் இந்தோனேசியாவிலிருந்து விவரிக்கப்பட்டு, பின்னர் கேரளத்தில் பெருமளவில் அறியப்பட்டது. அதைப் பற்றியும் பேசினார்கள். புகைத்தல் குறித்தும் குற்றஞ்சாட்டும் குரலின்றி, ஆனால் உறுதியாகக் கேட்கிறார்கள். மதுவை விட்டவர்கள் சிகரெட்டைச் சிறிய விடயமாக நினைக்கும் நிலையில், புகை தனியாகவே நாட்பட்ட நோயை விரைவுபடுத்துகிறது என்பதைச் சொல்ல ஓர் இடம் தேவைதான்.

இந்தச் சேவையின் உயிர் கிளினிக் கொப்பியின் நடுவில் ஒட்டித் தரப்படும் ஒரே தாளில் இருக்கிறது. நிறை, மலத்தின் தன்மை, வெறுவயிற்றுச் சீனி, எச்.பி.ஏ.1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனி அளவு), மலத்தில் எலாஸ்டேஸ் (சதையி சுரக்கும் ஒரு நொதியம்), விற்றமின் டி, எலும்பு அடர்த்தி என்று வரிசைகள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பத்தி. தனித்து நிற்கும் ஓர் அறிக்கையில் தெரியாதது, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் எண்களில் தெரிகிறது. எல்லைக்குள்ளேயே இருக்கும் எச்.பி.ஏ.1சி ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடி வருவதையும், நல்ல பசியுடன் உண்பவரின் நிறை மெல்லக் குறைவதையும் அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும். மலம் எண்ணெய்ப் படலத்துடன் மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டுகிறதா என்று தாதி வெளிப்படையாகக் கேட்பது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். கொழுப்புச் சமிபாடு குன்றியதை உணர்த்தும் கேள்வி அதுவே. அதனை அளந்து காட்டுவது எலாஸ்டேஸ் சோதனை. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும், 100க்குக் கீழ் என்றால் அது பெரும்பாலும் கடுமையானது. வயிற்றுப்போக்கு உள்ள நாளில் மாதிரி கொடுத்தால் நீர்த்துப்போய் எண் பொய்யாகக் குறையும் என்பதால், இறுகிய மலத்தையே கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அலைச்சல்தான், ஆயினும் சரியான செயல்.

படமெடுப்பதில் இவர்கள் காட்டும் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. கற்படிவுகளைக் காட்டுவதில் சி.ரி. ஸ்கேன் சிறந்தது, ஆனால் இளவயதினருக்குக் கதிர்வீச்சைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் அவர்களுக்கு உடன்பாடில்லை. சதையியின் சாறு வெளியேறும் குழாய்களான கான்களின் சுருக்கமும் விரிவும் காண வேண்டுமெனில் எம்.ஆர்.ஐ. வழிப் படத்தைப் பரிந்துரைக்கிறார்கள். தொடக்கநிலை மாற்றங்களைக் காணும், வாய்வழியே குழாய் செலுத்தி உள்ளிருந்து எடுக்கும் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் இந்நிலையத்தில் இல்லை. வேண்டியவர்களை வேறிடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இனிக் குறைகள். எலாஸ்டேஸ் மாதிரி வெளியே அனுப்பப்படுவதால் முடிவு தாமதமாகிறது. வந்ததும் அழைத்துச் சொல்லும் ஏற்பாடு இல்லாமையால் நாமே விசாரிக்க வேண்டியுள்ளது. அதைவிடப் பெரிய குறை உணவுத் துண்டு. எல்லோருக்கும் ஒரே அச்சுத்தாளைக் கொடுத்து, தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் முற்றாக விலக்கச் சொல்கிறார்கள். 2017 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல், நாட்பட்ட சதையி நோயில் கொழுப்பைப் பொதுவாகக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை, சமிபாட்டுக்கு உதவும் நொதிய மருந்தைப் போதுமான அளவு கொடுத்து இயல்பாக உண்ணவிட வேண்டும் என்ற நிலைப்பாட்டையே கொண்டது. டிரைகிளிசரைட் மிகுந்தவருக்குக் கட்டுப்பாடு தேவை. ஏற்கெனவே மெலிந்துவரும் ஒருவரிடமிருந்து சொதியையும் மீன் குழம்பையும் பறித்தால் அவர் இன்னும் மெலிவார். உள்ளே வைத்தியர் ஆளுக்கேற்பச் சரியாகவே சொல்கிறார். வெளியே தரும் தாள் அதை மறுக்கிறது. வீட்டில் சமைக்கும் அம்மாவின் கையில் இருப்பது அந்தத் தாள்தான் என்பதை நிர்வாகம் உணர்ந்து உடனடியாக மாற்றி எழுத வேண்டும்.

நொதியக் குளிசையைப் பற்றிய விளக்கத்துக்கு முழு மதிப்பெண். பிரதான உணவுக்கு 40,000 முதல் 50,000 லிப்பேஸ் அலகுகள், உணவுக்கு முன்போ பின்போ அல்லாமல் உண்ணும்போதே எடுப்பது என்று உறையிலேயே எழுதித் தருகிறார்கள். அது பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுவது என்பதை மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிச் சம்மதம் கேட்கிறார்கள். சைவ உணவுக்காரரும் முஸ்லிம் குடும்பங்களும் வாழும் ஊரில் இது பெரிய மரியாதை.

கட்டணம் எல்லோருக்கும் எட்டக்கூடியதல்ல. பரிசோதனைகள் தனிச் செலவு. குருதிச் சோதனைகளை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகச் செய்து அறிக்கையைக் கொண்டுவந்தால் மறுக்காமல் அதே தாளில் பதிகிறார்கள். ஒரே ஒரு முறை, தெளிவான பித்தக்கல்லால் அழற்சி வந்து, பித்தப்பையும் அகற்றப்பட்டவர் இங்கே பணம் செலவிடத் தேவையில்லை. இரண்டாவது தாக்குதல் வந்துவிட்டவர், காரணம் தெரியாமலே வீடு திரும்பியவர், அழற்சிக்குப் பின் புதிதாக நீரிழிவு வந்தவர் ஆகியோர் பழைய விடுதித் துண்டுகள் அனைத்தையும், ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு போகவும். அறிக்கை மட்டும் போதாது, படங்களையும் கேட்பார்கள்.