ஆங்கிள் சப்போர்ட் கணக்குக்கு 45,000 போனது, நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

45,000 ரூபாய். ஒரு இரும்புத் தாங்கி பாரம் தாங்குமா என்று கணக்குப் போட்ட ஒன்பது பக்க பி.டி.எஃப். ஒன்றுக்குக் கொடுத்த பணம். ஃப்ரீலான்ஸ் எஞ்சினியர்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் கிடைத்த ஆள்.

வேலை சின்னதுதான். 600 கிலோ ப்ளோவர் (காற்றூதும் இயந்திரம்) ஒன்று, தூணிலிருந்து நீட்டி வெல்டு செய்த இரண்டு ஆங்கிள் (L வடிவ இரும்பு) பிராக்கெட் மேல் உட்கார வேண்டும். 75×75×6 ஆங்கிள், அதாவது இரண்டு கால்களும் 75 மில்லிமீட்டர், தடிமன் 6, பாரம் இறங்குவது தூணிலிருந்து 450 மில்லிமீட்டரில். தாங்குமா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோ காலில் அந்த ஆள் முதலில் கேட்டதே, "ஆங்கிளோட நிக்கிற கால் மேல பாக்குமா, கீழ பாக்குமா சார்?" என்றுதான். விஷயம் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார் என்று அந்த நிமிடமே நம்பிவிட்டேன், முழுப் பணத்தையும் முன்கூட்டியே போட்டேன்.

மூன்றாவது வாரம் வெல்டு ஓரத்தில் துருநிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. துணியால் துடைத்தேன், போகவில்லை, விரிசல். ப்ளோவர் ஓடும்போது பிராக்கெட் மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆடியது.

அப்புறம்தான் ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தேன். கால் எந்தப் பக்கம் என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் கணக்கில் அதைத் தொடவே இல்லை. ஆங்கிளைச் சமச்சீரான பீம் மாதிரி வைத்து தகைவு (இரும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) 158 மெகாபாஸ்கல், வரம்பு 165, பாதுகாப்பானது என்று முடித்துவிட்டார். ஆங்கிளின் முதன்மை அச்சுகள், அதாவது அது மிக எளிதாகவும் மிகக் கடினமாகவும் வளையும் அச்சுகள், 45 டிகிரி சாய்ந்தவை, பக்கவாட்டில் பிடிமானம் இல்லாவிட்டால் அதே பாரத்துக்குக் காலின் நுனியில் 200-ஐத் தாண்டும். முறுக்கும் அதிர்வும் அதற்கு மேல். வெல்டு கணக்கு இன்னும் கொடுமை. பாரத்தை வெல்டின் பரப்பால் வகுத்து 5 கூட வரவில்லை என்று எழுதியிருக்கிறார், பாரம் 450 மில்லிமீட்டர் தள்ளியிருந்து வெல்டை நெம்புகோல் மாதிரி வளைக்கும் என்பதை மறந்தே போனார். நிற்கும் காலின் இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் வெல்டு (மூலையை நிரப்பும் முக்கோண வெல்டு), தொண்டை, அதாவது வெல்டின் மிக மெல்லிய தடிமன், 4.2, அந்த வளைவையும் சேர்த்துப் போட்டால் 160-க்கும் மேல்! அடியில் ஆள் நடமாடும் இடம் அது.

கேட்டால், "வெல்டர் சரியா அடிக்கல சார்." கணக்கைக் காட்டிக் கேட்டேன், "சாஃப்ட்வேர் கொடுத்த ரிசல்ட்." அதற்குப் பிறகு பதிலே இல்லை. தளத்திடம் போனால், வேலை முடிந்தது என்று நீங்களே ஒப்புதல் கொடுத்துவிட்டீர்கள், 45,000 திரும்ப வராது என்று ஒரே பதிலை நாலு முறை அனுப்புகிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வெல்டு கணக்கில் வளைவு இருக்கிறதா பாருங்கள். ஒற்றை ஆங்கிள் என்றால் முதன்மை அச்சில் கணக்கு கேளுங்கள். படித்துப் பார்க்காமல் ஒப்புதல் பட்டனைத் தொடாதீர்கள்.

ப்ளோவரை இறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், போகிறேன்.