காரைக்குடி பழைய சாமான் கடையில போஸ்ட் கார்டு வாங்கின கதை

போன மாசம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்கற தெரு, எல்லாரும் மரத்தூணு, எனாமல் தட்டுன்னு பாத்துட்டிருக்க நான் ஒரு கடையில பிஸ்கட் டின் நிறைய கையெழுத்து போஸ்ட் கார்டைப் பாத்துட்டு அங்கயே உக்காந்துட்டேன். ஒண்ணு 40 ரூவா, அஞ்சு எடுத்தா 150.

அதுல ஒரு கார்டு மட்டும் சொல்றேன். உச்சியில பிள்ளையார் சுழி, கீழ "விளம்பி ௵ ஆவணி ௴"ன்னு தேதி, அதாவது 1958. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி இன்னும் லேசா கறை தெரியுது. லை, னை எல்லாம் தும்பிக்கை வெச்ச பழைய எழுத்து, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் படிச்ச நமக்கு கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆவும். விலாசத்துல ராமநாதபுரம் ஜில்லா, பின்கோடு கிடையாது, அது 1972ல தானே வந்துச்சு. பேத்தி பொறந்த சேதி முதல் ரெண்டு வரியிலயே முடிஞ்சிருது, அப்புறம் செவலை கன்னு போட்டது, மழை இல்லாதது, எடம் தீந்து போயி கார்டைத் திருப்பி ஓரத்துல நெடுக்கா "சீம்பால் குடுத்தனுப்ப ஆள் இல்லை"ன்னு பொடி எழுத்துல. நடுவுல ஒரு ஓட்டை, கடுதாசிக் கம்பியில குத்தி வெச்சது. யாரோ வருஷக்கணக்கா தூக்கிப் போட மனசில்லாம வெச்சிருந்திருக்காங்க.

டின் முழுக்க பொறப்பு, கல்யாணம், நிலபுலம், பணம் வந்து சேர்ந்த சேதி தான். சாவு சேதி ஒண்ணு கூட இல்லையேன்னு கடைக்காரர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் படிச்ச கையோட கிழிச்சிருவாங்கண்ணே, வீட்டுக்குள்ள வெக்க மாட்டாங்கல்ல"ன்னார். எங்க வீட்டுலயும் அப்படித்தான், ஆனா அவர் சொன்ன பிறகு தான் அந்த டின்னைப் பாக்கற பார்வையே மாறிச்சு.

கொறைன்னா ரெண்டு. சில கார்டுல ஸ்டாம்ப் பகுதிய சதுரமா வெட்டி எடுத்திருக்காங்க, பின்பக்கம் எழுத்தும் அதோட போச்சு, அத வாங்காதீங்க. இன்னொண்ணு, ஒரே வீட்டுக் கார்டுங்கள பிரிச்சு விலைவாரியா கலந்து போட்டிருக்காங்க, பதில் எது கேள்வி எதுன்னே தெரியல. அடுத்த தடவ கம்பியோட வந்தா பிரிக்காம எனக்கு எடுத்து வைங்கன்னு போன் நம்பர் குடுத்துட்டு வந்திருக்கேன்.